எவ்வளவு நோவுது, சொல்லு கண்ணு!

மலாய் மொழியில் ‘சாக்கிட்’ என்றால் நோயும் அதுதான், வலியும் அதுதான். காய்ச்சல் வந்தாலும் சாக்கிட், காலில் ஆணி குத்தினாலும் சாக்கிட். தமிழ் அப்படியல்ல. காதில் குடைச்சல், வயிற்றில் கடுப்பு, புண்ணில் எரிச்சல், காலில் உளைச்சல், முதுகில் பிடிப்பு என்று நம் பாட்டிமார் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நான் குடியிருக்கும் சுங்கை வேயில், மாலையில் அடுக்குமாடி வீட்டின் கீழே ஓடி விளையாடும் நம் பிள்ளைகள் இத்தனையையும் ‘நோவுது’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துவிட்டால் பல பிள்ளைகளின் வாயிலிருந்து அந்த ஒரு சொல்லும் வருவதில்லை.

அதை நான் கண்ணால் பார்த்தேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு 7 வயது. குடல்வால் அழற்சி என்று சொல்லி ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். தாயார் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, தகப்பனார் லோரி ஓட்டுகிறார். அதனால் பகலில் அவனுடைய பாட்டியும் நானும் மாறி மாறித் துணைக்கு இருந்தோம்.

அறுவை சிகிச்சைக்கு மறுநாள் தாதி வந்து, “சாக்கிட் தா?” என்று கேட்டார். பையன் இல்லையென்று தலையாட்டினான். அவர் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. ‘எவ்வளவு நல்ல பிள்ளை’ என்று எதிர்க்கட்டில் அம்மா பாராட்டினார். ஆனால் அவன் முழங்காலை மடக்கியபடி அசையாமல் கிடந்தான். மைலோ கொடுத்தால் வேண்டாம் என்றான். இருமல் வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டு அடக்கினான்.

பாட்டிதான் பக்கத்தில் குனிந்து கேட்டார். “எப்படிய்யா நோவுது? குத்துதா, இழுக்குதா?”

“இழுக்குது பாட்டி. இருமினா குத்துது.”

“அப்ப மிஸ்ஸிகிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா ஊசி போடுவாங்க.”

சாப்பிட மறுத்தால் ஊசி, தூங்க மறுத்தால் ஊசி என்று வீட்டில் சொல்லக் கேட்டு வளர்ந்த பிள்ளை. நோவு என்று சொன்னால் அதற்கும் ஊசிதான் என்று அவன் கணக்குப் போட்டதில் வியப்பில்லை. நான் தாதியை அழைத்து விவரம் சொன்னேன். அவர் முகங்கள் வரைந்த ஓர் அட்டையைக் கொண்டு வந்து காட்டினார். பையன் ஐந்தாவது முகத்தைத் தொட்டான். அதன் எண் 8. புதிய ஊசி எதுவும் குத்தவில்லை. கையில் ஏற்கெனவே இருந்த ட்ரிப் குழாய் வழியாகவே மருந்து ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் முழங்கால் தானாக நீண்டது. மாலையில் பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு கழிவறை வரை நடந்து போனான்.

மருந்து இருந்தது, கொடுக்க ஆளும் இருந்தது. பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சொல் வராததால்தான் ஒரு பகல் முழுவதும் அந்த மருந்து அவனிடம் வந்து சேரவில்லை. இது எத்தனை வீட்டுப் பிள்ளைகளுக்கு நடக்கும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. அதன் பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பச்சைக் குழந்தைக்கு வலிக்காதாம்!

இன்று நம்ப முடியாத ஒன்றை மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. பிறந்த குழந்தையின் நரம்புகள் முழுமையாக வளரவில்லை, அதனால் அதற்கு வலி சரியாகத் தெரியாது, தெரிந்தாலும் நினைவில் நிற்காது என்பதே அந்த நம்பிக்கை. மயக்க மருந்தைச் சின்ன உடம்பு தாங்குமா என்ற அச்சமும் சேர்ந்துகொண்டது. அதனால் 1980களிலும்கூட பல நாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்கு, உடலை அசையவிடாமல் செய்யும் மருந்தை மட்டும் கொடுத்தோ, அதோடு மிக லேசான மயக்கம் தரும் வாயுவைச் சேர்த்தோ அறுவை சிகிச்சை செய்தார்கள். குழந்தை அசையாது, அழாது. ஆனால் உணர்வு இருந்தது.

1985-இல் வாஷிங்டனில் ஜெஃப்ரி லாசன் என்ற குறைமாதக் குழந்தைக்கு இதயத்துக்கு அருகே அப்படி ஓர் அறுவை சிகிச்சை நடந்தது. சில வாரங்களில் குழந்தை இறந்தது. வலி தெரியாமலிருக்க எதுவுமே கொடுக்கப்படவில்லை என்பதை அதன் பிறகுதான் தாய் ஜில் லாசன் அறிந்தார். அவர் சும்மா இருக்கவில்லை. கேள்வி கேட்டார், எழுதினார், பத்திரிகைகளிடம் பேசினார். அமெரிக்கப் பெற்றோர்கள் அதிர்ந்தார்கள்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில், இந்தியாவில் மருத்துவம் படித்துவிட்டுப் போயிருந்த கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இளம் மருத்துவர் இதையே ஆராய்ந்துகொண்டிருந்தார். அறுவை அறைக்குப் போன குழந்தைகள் திரும்பி வரும்போது மிக மோசமான நிலையில் வருவதைக் கவனித்தவர் அவர். வலுவான வலி நிவாரணியான ஃபென்டனில் பெற்ற குறைமாதக் குழந்தைகளையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டார். மருந்து பெற்ற குழந்தைகளின் உடலில் அதிர்ச்சி குறைவாக இருந்தது. அறுவைக்குப் பிந்திய சிக்கல்களும் குறைந்தன. 1987-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் அந்த முடிவு வெளிவந்தது. பிறந்த குழந்தைக்கும் வலி நிவாரணம் தர வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அறிவித்ததும் அதே ஆண்டில்தான்.

நினைவில் நிற்காது என்பதும் பொய்த்தது. கனடாவின் டொரோன்டோவில் ஆனா டாடியோ என்ற ஆய்வாளரின் குழு, 4 முதல் 6 மாதத் தடுப்பூசிக்கு வந்த ஆண் குழந்தைகளைக் கவனித்தது. பிறந்தவுடன் மரப்பு மருந்து இல்லாமல் விருத்தசேதனம் செய்யப்பட்டவர்கள், அது செய்யப்படாதவர்களைவிட அதிக நேரம் அழுதார்கள். 1997-இல் வெளியான இந்த ஆய்வு, மனம் மறந்தாலும் உடல் வலியை மறப்பதில்லை என்பதைக் காட்டியது.

அறிவு வந்துவிட்டது என்பதால் பழக்கம் உடனே மாறிவிடவில்லை. பாரிஸ் வட்டாரத் தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 430 பச்சிளங்குழந்தைகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2008-இல் வெளிவந்தது. ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 10 வலிமிகுந்த சிகிச்சைச் செயல்கள் நடந்தன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு, அதற்கென்று எந்த வலி நிவாரணமும் இல்லாமல் நடந்தவை.

ஐந்தாவது அளவு

நம் நாட்டுக்கு வருவோம். மருத்துவமனையில் சேர்ந்தால் உடல் சூடு, நாடித் துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகிய நான்கையும் அளந்து எழுதுவார்கள். ஐந்தாவதாக வலியையும் அளந்து எழுத வேண்டும் என்று நம் சுகாதார அமைச்சு 2008-இல் அரசாங்க மருத்துவமனைகளுக்கு உத்தரவிட்டது. 2011-இல் ‘வலியில்லா மருத்துவமனை’ என்ற திட்டமும் வந்தது. மருத்துவமனைக்குப் போனால் வலியைத் தாங்கத்தான் வேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்தார்கள். அது இப்போது அரசாங்கத்தின் கொள்கையே இல்லை. வலியைக் கேட்பதும் குறைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதி. நாம் கேட்டால் அது சலுகையாகாது.

எல்லாப் பிள்ளைகளையும் ஒரே மாதிரி அளக்க முடியாது. சுமார் 7 வயதைத் தாண்டிய பிள்ளையிடம் 0 முதல் 10 வரை எண் கேட்கலாம். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் இதற்கு மேல் வலி இருக்க முடியாது. 1 முதல் 3 வரை லேசானது, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7-க்கு மேல் கடுமை.

3 வயதிலிருந்து 7 வயது வரை முகங்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காட்டிய அட்டை அந்த வகைதான். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் துல்சா நகரில், தீக்காயப் பிரிவில் இருந்த பிள்ளைகளோடு பழகிய டோனா வோங், கோனி பேக்கர் என்ற இரு பெண்கள் உருவாக்கியது. சிரிக்கும் முகத்தில் தொடங்கிக் கண்ணீர் விடும் முகத்தில் முடியும் 6 முகங்கள். இதில் பெற்றோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையின் முகம் எந்தப் படம் போல இருக்கிறது என்று நாம் பார்த்துச் சொல்லக் கூடாது. பிள்ளைதான் தொட்டுக் காட்ட வேண்டும். அழாத பிள்ளைகூடக் கடைசி முகத்தைக் காட்டலாம், அதுவும் உண்மைதான்.

பேசத் தெரியாத குழந்தைக்கு வேறு வழி. முகம் சுளிக்கிறதா, கால்கள் உதைக்கின்றனவா அல்லது மடங்கி இறுகுகின்றனவா, உடல் நெளிகிறதா, அழுகை எப்படி, தூக்கி அணைத்தால் அடங்குகிறதா என்ற ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 என்று புள்ளி போட்டுக் கூட்டுவார்கள். இதில் தாயின் கண் எந்தக் கருவிக்கும் குறைந்ததல்ல. ‘இது பசி அழுகை இல்லை மிஸ்ஸி’ என்று ஒரு தாய் சொன்னால் அது மருத்துவத் தகவல்.

அமைதியாக இருக்கும் பிள்ளையை மட்டும் நம்பிவிடாதீர்கள். வலி மிகுந்தால் சில பிள்ளைகள் அசையாமல் கிடப்பார்கள், சிலர் தூங்கிப் போவார்கள். கைத்தொலைபேசியில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டே வலியை மறக்க முயல்பவர்களும் உண்டு. வலியால் ஆழமாக மூச்சு விடாத, இருமாத, எழுந்து நடக்காத பிள்ளைக்கு நுரையீரலில் சளி கட்டலாம், குணமாகும் நாளும் தள்ளிப் போகலாம். வலியைப் பொறுப்பதால் பிள்ளை பலசாலி ஆவதில்லை.

மோர்பின் என்றதும் பதற்றம்

லேசான வலிக்குப் பாரசெட்டமோல், அதாவது நாம் பனாடோல் என்று சொல்வது. தேவைப்பட்டால் ஐபுபுரோஃபென். பெரிய அறுவை சிகிச்சை, எலும்பு முறிவு, தீக்காயம், புற்றுநோய் என்றால் மோர்பின் போன்ற வலுவான மருந்து. நடுத்தர மருந்தாக முன்பு இருந்த கொடீனைப் பிள்ளைகளுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2012-லேயே கைவிட்டுவிட்டது. அது சில பிள்ளைகளின் உடலில் வேலையே செய்யாது, சிலர் உடலில் அளவுக்கு மீறி வேலை செய்து மூச்சையே பாதிக்கும்.

மோர்பின் என்ற சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் இரண்டு பயம். ஒன்று, பிள்ளை அடிமையாகிவிடும். இரண்டு, கடைசிக் கட்டத்துக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். இரண்டும் சரியல்ல. உண்மையான வலிக்கு, மருத்துவர் அளந்து, சில நாள்களுக்குக் கொடுக்கும்போது அடிமையாவது மிக அரிது. தூக்கம், அரிப்பு, குமட்டல், மலச்சிக்கல் ஆகியவை வரலாம். மூச்சு குறையாமல் இருக்கிறதா என்று அடிக்கடி பார்ப்பார்கள். பக்கவிளைவுக்கு மாற்று மருந்தும் இருக்கிறது.

சுமார் 6, 7 வயதான பிள்ளைக்குப் பொத்தான் வைத்த இயந்திரம் ஒன்றைக் கொடுப்பதும் உண்டு. வலி கூடும்போது பிள்ளையே அழுத்தினால் சிறிதளவு மருந்து இறங்கும். எத்தனை முறை அழுத்தினாலும் அளவு மீறாதபடி பூட்டு இருக்கும். ஆனால் இதில் ஒரு கண்டிப்பான விதி உண்டு. பிள்ளை தூங்கும்போது பாசத்தில் அப்பாவோ அம்மாவோ அந்தப் பொத்தானை அழுத்தவே கூடாது. தூக்கக் கலக்கம் கூடிய பிள்ளை தானாக அழுத்தாது என்பதுதான் அந்த இயந்திரத்தின் முதல் பாதுகாப்பு.

இரத்தம் எடுப்பதற்கும் ட்ரிப் போடுவதற்கும் முன்னால் தோலை மரக்கச் செய்யும் களிம்பு இருக்கிறது. தடவி ஏறக்குறைய 1 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதால் அவசர நேரத்தில் முடியாது. முன்கூட்டியே திட்டமிட்ட சிகிச்சை என்றால் தாராளமாகக் கேட்கலாம். இரத்தப் புற்றுநோய்ப் பிள்ளைகளுக்கு முதுகில் ஊசி குத்தி நீர் எடுப்பது ஒரு தடவையோடு முடிகிற காரியமல்ல. முதல் தடவையே வலியில்லாமல் பார்த்துக்கொண்டால், அடுத்த தடவை பிள்ளை வாசலிலேயே நின்று அலறாது.

நீண்ட நோயோடு வீட்டில் இருக்கும் பிள்ளைகளையும் மறக்கக் கூடாது. கோலாலம்பூர் செராஸில் உள்ள ஹோஸ்பிஸ் மலேசியா 1991 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் வீடு தேடிச் சென்று, கட்டணம் வாங்காமல் வலி தணிப்புப் பராமரிப்பு தருகிறது. பிள்ளைகளையும் கவனிக்கிறார்கள். விவரம் தெரியாமல் இரவெல்லாம் துடிக்கும் வீடுகள் நம்மிடையே இருக்கக் கூடாது.

தாய்மாமன் மடியும் ஒரு மருந்து

காது குத்தும்போது குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைக்கிறோம். வாயில் கொஞ்சம் இனிப்பு. ஒருவர் கிலுகிலுப்பை ஆட்டுகிறார், இன்னொருவர் காக்கா காட்டுகிறார். படுக்க வைத்து நாலு பேர் அமுக்கிப் பிடிப்பதில்லை. தடுப்பூசி வலியைக் குறைக்க உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வழிகளும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. குழந்தையை மடியில் நிமிர்த்தி அணைத்து வைத்திருங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் ஊசிக்குக் கொஞ்சம் முன்பிருந்தே பால் கொடுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி என்றால் அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியாகப் போடட்டும். சற்று வளர்ந்த பிள்ளைக்குச் சோப்பு நுரைக் குமிழி ஊதக் கொடுங்கள், பிடித்த பாட்டைப் பாடச் சொல்லுங்கள்.

இனிப்பு பற்றி ஓர் எச்சரிக்கை. பச்சிளங்குழந்தையின் நாக்கில் சில துளி சர்க்கரைக் கரைசல் விட்டால் ஊசியின் வலி குறையும் என்பதை ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. ஆனால் அது மருத்துவமனையில் அளந்து, ஊசிக்கு 2 நிமிடம் முன்பு கொடுப்பது. அதைக் காரணம் காட்டி வீட்டில் சேனை வைக்க வேண்டாம். 1 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

சொற்களும் மருந்துதான். ‘வலிக்கவே வலிக்காது’ என்று சொன்னால் ஊசி இறங்கியதும் நாம் பொய்யர் ஆகிவிடுவோம். அடுத்த முறை பிள்ளை நம்மை நம்பாது. ‘கொஞ்சம் நோவும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும், நான் கையைப் பிடிச்சிருக்கேன்’ என்று சொல்லலாம். ‘ஆம்பளப் பிள்ளை அழலாமா?’ என்ற கேள்வியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். ‘டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்’ என்ற மிரட்டலை இன்றோடு நிறுத்துங்கள். அதன் விலையைப் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு முழுப் பகலும் கொடுத்தான்.

வீடு திரும்பிய பிறகு

பாரசெட்டமோலை வயதை வைத்துக் கொடுக்காமல் எடையை வைத்துக் கொடுங்கள். பொதுவான அளவு கிலோவுக்கு 15 மில்லிகிராம், 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, 24 மணி நேரத்தில் 4 முறைக்கு மேல் வேண்டாம். 12 கிலோ பிள்ளைக்கு 180 மில்லிகிராம். நம் கடைகளில் 5 மில்லிலிட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் இருக்கிறது, 250 மில்லிகிராம் உள்ள பாட்டிலும் இருக்கிறது. முதல் பாட்டிலில் 7.5 மில்லிலிட்டர் ஊற்ற வேண்டிய அதே பிள்ளைக்கு, இரண்டாவதில் சுமார் 3.6 மில்லிலிட்டர்தான். பாட்டிலைப் பார்க்காமல் பழைய கரண்டிக் கணக்கில் ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். சந்தேகம் இருந்தால் மருந்தாளரைக் கேளுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிலாங்கூரில் இருக்கும் நமக்கு டெங்கி புதிதல்ல. காய்ச்சலோடு உடல்வலி வந்தால், டெங்கி இல்லை என்று தெரியும் வரை ஐபுபுரோஃபென், போன்ஸ்டன், அஸ்பிரின் எதையும் கொடுக்காதீர்கள். இரத்தக் கசிவை அவை மோசமாக்கும். பாரசெட்டமோல் மட்டும் போதும். கோடாலித் தைலம் அறுவைப் புண்ணுக்கு அருகே வேண்டாம், கைக்குழந்தைக்கும் வேண்டாம்.

வார்டில் கேட்க வேண்டியவை

பிள்ளையை மருத்துவமனையில் சேர்க்கும் நாளில் இந்த ஐந்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கத்தைப் படம் பிடித்துக் கைத்தொலைபேசியில் வைத்துக்கொண்டாலும் சரி.

1. என் பிள்ளையின் வலியை எந்த முறையில் அளக்கிறீர்கள்? எத்தனை மணிக்கு ஒரு முறை?

2. வலி 4-க்கு மேல் போனால் என்ன மருந்து எழுதியிருக்கிறது? அடுத்த வேளை எப்போது?

3. ஊசி இல்லாமல் வாய்வழியாகவோ ட்ரிப் வழியாகவோ அந்த மருந்தைத் தர முடியுமா?

4. ஊசி குத்தும் நேரத்திலும் கட்டு மாற்றும் நேரத்திலும் நான் பக்கத்தில் இருக்கலாமா? அதற்கு முன்பே வலி மருந்து தருவீர்களா?

5. இரவில் வலி வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும்?

மலாயில் கேட்கத் தயக்கமாக இருந்தால் எண்ணை மட்டும் சொல்லுங்கள். ‘லாப்பான்’ என்றால் எட்டு. அந்த ஒரு சொல் போதும், தாதிக்குப் புரியும். ஆனால் அதற்கு முன் பிள்ளையிடம் தமிழில் கேளுங்கள். குத்துதா, இழுக்குதா, எரியுதா, குடையுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் பிள்ளை பதில் சொல்லும். பாட்டிமாருக்கு வார்டில் என்ன வேலை என்று இனி யாரும் கேட்காதீர்கள்.